நாலாம் கட்டடத்துக் கண்ணாடிகள்

பிலோமினா அக்கா என் மேசைமேல் வைத்த மூக்குக்கண்ணாடிக்கு இடது பக்கக் கம்பி இல்லை. அந்த இடத்தில் நைலான் வலைநூலை முறுக்கிக் கட்டியிருந்தது.

"இதப் பாத்துச் சொல்லணும் மேடம்," என்றார்.

"நான் கண் டாக்டர் இல்லைங்களே," என்றேன்.

"தெரியும். ஆலையில கதிர்வீச்ச அளக்க நெஞ்சுல மாட்டுத பேட்ஜு இருக்குல்லா, அதப் பாக்குத மிஷின் ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாவ. அந்த பேட்ஜுக்குள்ள இருக்குத வில்லையும் இந்தக் கண்ணாடியும் ஒரே பிளாஸ்டிக்குன்னு கண்ணாடிக் கடைக்காரர் சொல்லுதாரு. நெசந்தானா?"

நிஜம்தான். அதைக் கேட்டதும் எனக்குக் காது சூடானது. திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருடமாக நான் செய்துகொண்டிருந்த ஒரே வேலை, கதிர்வீச்சு பிளாஸ்டிக்கில் விட்டுச்செல்லும் தடங்களை ராமன் நிறமாலைக் கருவியால் படிப்பது. அதற்கான வில்லைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, கையுறை போட்டு, டப்பாவில் வைத்துப் பூட்டி வைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேர் அதே பிளாஸ்டிக்கை மூக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. என் மூக்கிலும் ஒன்று இருந்தது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. சொந்த ஊர் ஆழிக்குடி, கடற்கரை. அங்கேதான் துலாமணி ஆலை இருக்கிறது. கடல் மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்து அணு உலைகளுக்கு எரிபொருள் செய்கிற ஆலை. அவருடைய கணவர் இஞ்ஞாசி அதில் நாலாம் கட்டடத்து ஷிப்ட் சூப்பர்வைசர். போன வருடம், 2042 ஜூனில், நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார். ஐம்பத்தொரு வயது.

அக்கா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ஆலை மருத்துவர் எழுதியது. பணிக்காலக் கதிர்வீச்சு: பதிவாகவில்லை. நோய்க்கான காரணம்: நீண்டகாலப் புகைப்பழக்கம்.

"அவிய பீடியக் கையால தொட்டதில்ல மேடம். கோயில்ல தூபம் காட்டுனாலே இருமுவாவ. இந்தக் காகிதத்துல உள்ள பொய்ய அடிக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். உள்ள இன்னும் நூத்தி எழுவது பேரு வேலை பாக்காவ. அவங்களுக்கும் நாளைக்கு இதயேதான் எழுதுவானுவ."

"முயற்சி பண்றேன். ஆனா உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது."

"கண்ணாடி திரும்பக் கெடைக்குமா?"

பழைய முறை என்றால் கிடைக்காது. சூடான காரத்தில் போட்டு அரித்தால்தான் தடங்கள் கண்ணுக்குத் தெரியும்; கண்ணாடி நாசமாகிவிடும். நான் கண்டுபிடித்த வழி வேறு.

"லேசர் வெளிச்சத்தை மட்டும்தான் படவைப்பேன். ஒரு கீறல் விழாது," என்றேன். "ஆல்பான்னு ஒரு துகள். காற்றுல தோரியத் தூசியோ, அதோட வாயுவோ இருந்தா அதிலிருந்து பாயும். பிளாஸ்டிக்குக்குள்ள புகுந்தா முடியைவிட மெல்லிசா ஒரு காயம். அந்தக் காயத்துல பிளாஸ்டிக்கோட சங்கிலி அறுந்துடும். லேசர் பட்டுத் திரும்புற வெளிச்சத்தோட நிறம் அங்கே கொஞ்சம் மாறும். அதை வெச்சுக் காயம் எங்கே இருக்குன்னு சொல்லலாம். அறுந்த நுனியில வருஷக்கணக்கா ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பார்த்தா காயம் எப்போ பட்டதுன்னும் சொல்லலாம்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "வாழக்காய நறுக்கி வெச்சா கறுக்குமே, அது மாதிரியா? எவ்வளவு கறுத்திருக்குன்னு பாத்தா எப்ப நறுக்குனதுன்னு தெரிஞ்சிரும்."

என் ஆய்வுக் கட்டுரைகள் எதிலும் இதைவிடத் தெளிவாக நான் எழுதியதில்லை.

"இது எப்போ வாங்கினது?"

"வாங்கல. ஆலைக்காரனே கண் முகாம் போட்டு பார்வை கொறஞ்சவங்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தான். 2033 சனவரி, பொங்கலுக்கு முந்தி." சட்டகத்தின் உள்பக்கத்தைக் காட்டினார். துலாமணி என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தது. "வேலைக்குப் போகும்போது இதத்தான் போடுவாவ."

தொழிலாளிகளுக்குத் தரம் சரிபார்த்த கதிர்வீச்சு அளவியைத் தேதி போட்டு, முகத்திலேயே மாட்டி அனுப்பியிருக்கிறது நிர்வாகம். தெரியாமல்.

*

மூன்று நாள் அந்தக் கண்ணாடியைக் கருவியின் கீழே வைத்திருந்தேன். கருவி ஒரு புள்ளியைப் படிக்கும், நகரும், அடுத்த புள்ளியைப் படிக்கும். நான்காம் நாள் காலையில் திரையில் தேதிவாரியான வரைபடம் எழுந்தது.

முதல் ஒன்றரை வருடம் தூறல் மாதிரி ஒரே சீராகத் தடங்கள். 2034 ஆகஸ்டில் திடீரென்று கொட்ட ஆரம்பித்திருந்தது. பதினான்கு வாரம் அடைமழை. நவம்பரில் நின்றது. அதற்குப் பிறகு மறுபடியும் தூறல்.

அக்காவை அழைத்தேன். வந்தார். வரைபடத்தை விளக்கினேன்.

"அந்த வருசம் மாதா திருவிழாவுக்கு அவிய வரல," என்றார் மெதுவாக. "காத்து உறிஞ்சுத வடிகட்டி பழுது, ஆளு வேணும்னு கூப்பிட்டுட்டுப் போனாவ. அப்புறம் தெனமும் வந்ததும் வாசல் குழாயில குளிச்சிட்டுத்தான் உள்ள வருவாவ. துணியத் தொடாதன்னு சொல்லுவாவ. நான் மணலு, தூசின்னு நெனச்சேன்." மேசைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அவியளுக்குத் தெரிஞ்சிருக்கு."

"அக்கா, ஆலைக்காரங்க ஒண்ணு சொல்லுவாங்க. உங்க ஊர் மணலே கதிர்வீச்சு உள்ள மணல், அது காலங்காலமா இருக்குன்னு."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"உங்க கண்ணாடியைக் கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தார். அதுவும் அதே கண் முகாமில் குடும்பத்தினருக்குக் கொடுத்தது. அதே வீடு, அதே மணல், அதே ஊர்க் காற்று. இரண்டு நாள் அவர் கண்ணாடி இல்லாமல் இருந்தார். முடிவு வந்தபோது அதில் பத்து வருடத்துக்கும் தூறல் மட்டும்தான். ஆகஸ்டும் இல்லை, அடைமழையும் இல்லை.

தொழில்நோய் விசாரணை ஆணையத்தில் அக்கா மனுப் போட்டார். ஆலையின் பதில் பெட்டியோடு வந்தது: 2034-இல் இஞ்ஞாசியோடு வேலை பார்த்த பன்னிரண்டு பேருடைய பேட்ஜுகள். ஒவ்வொரு பேட்ஜிலும் ஒரு வில்லை. அதில் பாதியை ஆலையே அரித்து எண்ணி 'பதிவாகவில்லை' என்று எழுதியிருந்தது. மறுபாதியைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பத்து வருடம் முடிய இன்னும் பதினொரு மாதம்தான் இருந்தது. ஆணையத்தின் உத்தரவு வாங்கி அந்தப் பன்னிரண்டு பாதிகளையும் என் கருவியில் வைத்தேன்.

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

"அக்கா, இந்தப் பேட்ஜுகள் பொய் சொல்லலை," என்றேன். "இதுல நிஜமாவே ஒண்ணும் இல்லை. உங்க வீட்டுக்குள்ள இருக்கிற தூறல்கூட இல்லை. அதைவிடவும் கம்மி. பன்னெண்டும் ஒரே மாதிரி, அச்சுல வார்த்த மாதிரி. பன்னெண்டு பேர் பன்னெண்டு இடத்துல நின்னு வேலை செஞ்சா இப்படி வராது. இதெல்லாம் ஏசி போட்ட ஒரு ரூம்ல, மூடின ஒரு இடத்துல, ஒண்ணா கிடந்திருக்கு. ஒரு பெட்டியோ, இழுப்பறையோ. யாரோ தினமும் வாங்கி வெச்சுப் பூட்டியிருக்காங்க."

அக்கா ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"சாவி அவியகிட்டதான் இருந்திச்சு," என்றார்.

"யார்கிட்ட?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட. சின்ன பித்தளச் சாவி. அரணாக்கயித்துல கோத்துப் போட்டிருப்பாவ. பாதுகாப்பு அதிகாரி கொடுத்த ஆபீஸ் மேசைச் சாவின்னு சொல்லுவாவ. ஒரு நாளு வீட்டுல மறந்துட்டுப் போயி, பாதி வழியில சைக்கிளத் திருப்பிட்டு வந்தாவ. ஒரு மேசைச் சாவிக்கா இந்தப் பதட்டம்னு நான் சிரிச்சேன்."

அக்கா அப்போதுதான் தண்ணீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"பேட்ஜு நெறஞ்சா அந்த ஆள வேலையிலருந்து நிறுத்திருவாங்க மேடம். மூணு மாசம், ஆறு மாசம். யாரும் நிக்க விரும்பல. ஆலைக்கும் கணக்கு சுத்தமா இருக்கும். அவியதான் பன்னெண்டு பேருகிட்டயும் வாங்கி வெச்சிருக்காவ." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுல நாலு பேரு இப்ப இல்ல. அவியளோட அஞ்சு."

"அக்கா, சாவி விஷயம் ஆலைக்கு வெளியே உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பேட்ஜைப் பத்தி நான் அறிக்கையில எழுதாம விட்டுடலாம். கண்ணாடி மட்டுமே போதும். பேட்ஜை இழுத்தா சாவி வரும். சாவி வந்தா அவர் பேர் வரும்."

"கண்ணாடி மட்டும் போதுமா? உண்மையச் சொல்லுங்க."

நான் தயங்கினேன். "போதாது. கண்ணாடி ஒண்ணு சொல்லும், பேட்ஜு இன்னொண்ணு சொல்லும். எதை நம்புறதுன்னு கேப்பாங்க. பேட்ஜு ஏன் அப்படிச் சொல்லுதுன்னு நாம சொல்லியாகணும்."

"அப்ப எழுதுங்க."

"ஊர்ல இருக்க முடியாது உங்களால. அந்த நாலு வீட்டுக்காரங்க..."

"அந்த நாலு வீட்டுக்கும் நான்தான் மொதல்ல போயிச் சொல்லுவேன். ஆணையத்துல கேட்டுத் தெரிஞ்சுக்கக் கூடாது." எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டார். "ஒரு பொய்ய அடிக்கணும்னு வந்துட்டு, இன்னொரு பொய்ய மடியில கட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுதியளா மேடம்?"

*

விசாரணை நாளில் ஆழிக்குடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். யாரும் அக்காவோடு பேசவில்லை. நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டார் என்பது அதிலேயே தெரிந்தது.

ஆலைத் தரப்பில் வழக்கறிஞர் ரகோத்தமன். அவருக்குப் பக்கத்தில் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி தெய்வசிகாமணி. இருபது வருடமாக 'பதிவாகவில்லை' என்ற வார்த்தைக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வந்தவர் அவர்தான். ஒடிசலான மனிதர். குனிந்த தலை நிமிரவில்லை.

நான் என் அறிக்கையை வாசித்தேன். ஊர் மணல் பற்றி ரகோத்தமன் கேட்டார். அக்காவின் கண்ணாடியைக் காட்டினேன். பேட்ஜுகளைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஒரு நிமிடம் தெய்வசிகாமணியோடு கிசுகிசுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"அப்படியே வெச்சுக்குவோம். ஷிப்டுல பேட்ஜுக்கு யார் பொறுப்பு? ஷிப்ட் சூப்பர்வைசர். அதாவது, இந்த அம்மாவோட கணவர். விதியை மீறினவரே அவர்தான்னா, ஆலை மேல எப்படிக் குற்றம் சொல்ல முடியும்?"

அக்கா எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை.

"ஆமாய்யா. எங்க வீட்டுக்காரருதான்."

ஆணையத் தலைவர் உட்காரச் சொல்லி ஜாடை காட்டினார். அக்கா உட்காரவில்லை.

"தெனமும் காலையில பன்னெண்டு பேட்ஜையும் வாங்கி இழுப்பறையில வெச்சுப் பூட்டிட்டுத்தான் உள்ள போவாவ. தப்பு. அவிய செஞ்சது தப்பு. அஞ்சு பேரு மண்ணுக்குள்ள கெடக்காவ, அதுல அவியளும் ஒருத்தரு. நான் மறைக்கல. ஆனா அந்தச் சாவிய அவிய கொல்லன் பட்டறையில அடிச்சு வாங்கல. இந்தா உக்காந்திருக்காவளே தெய்வசிகாமணி சாரு, இவுக கையால வாங்குனாவ. மேசையும் ஆலை மேச. ரூமும் ஆலை ரூம்."

"ஆதாரம் இருக்கா?" என்றார் ரகோத்தமன்.

"செத்துப்போன என் புருசன் பேர நானே சபையில கெடுத்துட்டு நிக்கேன். இதவிடப் பெரிய ஆதாரம் ஒங்ககிட்ட இருந்தா நீங்க காட்டுங்க."

தலைவர் தெய்வசிகாமணியைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அப்படி எதுவும் நினைவில்லை," என்றார் அவர், மேசையைப் பார்த்து.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. கண்ணாடியைப் படிக்கும் முறை அங்கீகரிக்கப்படாத ஒன்று, அதைச் சரிபார்க்க மூன்று ஆண்டுகளாவது தேவை, ஆகவே ஏற்பதற்கில்லை. புகைப்பழக்கம் காகிதத்தில் அப்படியே இருந்தது.

ஆணைய வராந்தாவில் சவேரி என்பவர் அக்காவை மறித்தார். பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். "ஒம் புருசன் பேரு போனது போதாதுன்னு எங்களையும் சேத்து மாட்டிவிட்டுட்டியே? நாங்க பேட்ஜக் கழட்டுனோம்னு இப்ப ஊரே பேசுது. என்ன கெடச்சுது ஒனக்கு?"

"ஒண்ணும் கெடைக்கல," என்றார் அக்கா. "ஒன் கண்ணாடிய எடுத்துட்டு வா அண்ணே. அதுல என்ன இருக்குன்னு பாப்போம்."

சவேரி காறித் துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். "அங்கயற்கண்ணி, மேலிருந்து கடிதம் வந்திருக்கும்மா. அங்கீகாரமில்லாத முறையில வெளியாட்களோட பொருளைப் பரிசோதிக்கக் கூடாதாம்," என்றார். "நீ கொஞ்ச நாள் வகுப்பு மட்டும் எடு."

நான் என் அறைக்குத் திரும்பியபோது கருவி இருந்த கதவில் அரக்கு முத்திரை. 'பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டுள்ளது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. பராமரிக்க யாரும் வரவில்லை.

வராந்தாவிலேயே நின்று யோசித்தேன். அவர்கள் பூட்டியது கருவியை. கருவியில் என்ன இருக்கிறது? ஒரு லேசர், ஒரு நுண்ணோக்கி, நிறத்தைப் பிரிக்கும் ஒரு பட்டகம். மாத்திரைத் தொழிற்சாலையில் இருக்கிறது. போதைப்பொருளைக் கண்டுபிடிக்கப் போலீஸிடம் இருக்கிறது. வைரத்தையும் செயற்கை வைரத்தையும் பிரிக்க நகைக்கடைத் தெருவில் இருக்கிறது. எது எந்த அளவுக்கு மாறினால் எத்தனை வருடப் பழைய தடம் என்று சொல்லும் அட்டவணை மட்டும்தான் என்னுடையது. ஒன்பது வருட உழைப்பு. காப்புரிமைக்கு விண்ணப்பித்து, வெளியிடாமல் வைத்திருந்தேன்.

அன்று மத்தியானமே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றேன். அட்டவணையையும், கண்ணாடியை எப்படி வைத்து எப்படிப் படிப்பது என்ற குறிப்பையும் தமிழில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டேன். கீழே என் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். எத்தனை கதவுக்கு அரக்கு வைப்பார்கள், பார்ப்போம்.

*

நாகர்கோவிலில் நகைக்கல் பரிசோதனைக் கடை வைத்திருந்த ஜைனுலாப்தீன் பாய் நாலாம் நாள் கூப்பிட்டார்.

"உங்க அட்டவணையைப் போட்டு என் கண்ணாடியவே பார்த்தேன் மேடம். தூறல்தான், அல்ஹம்துலில்லாஹ். ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு. மிஷின் சும்மாதான் இருக்கும். உங்க ஆளுங்களை வரச்சொல்லுங்க."

"உங்களுக்குச் சிக்கல் வரலாம் பாய்."

"போலி வைரத்தை நெஜம்னு சொல்லுன்னு எத்தனை பேர் என்னை மிரட்டியிருக்கான் தெரியுமா? பழகிப்போச்சு."

அக்கா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைக்க, அந்த ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு ஆழிக்குடியிலிருந்து இரண்டு வேன் வந்தது. முதலில் இறங்கியவர் சவேரி. அக்காவைப் பார்க்காமல், கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். அக்கா பெயரையும் வேலை பார்த்த கட்டடத்தையும் எழுதிக்கொண்டு, "அடுத்த ஆளு," என்றார்.

எங்கே எத்தனை புள்ளி படித்தால் போதும் என்று இப்போது தெரிந்திருந்ததால் ஒரு கண்ணாடிக்கு இருபது நிமிடம்தான் ஆனது. கண்ணாடியைக் கொடுத்துவிட்டவர்கள் கடைக்கு வெளியே நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதிரே வருகிறவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பத்து மணி வாக்கில் ஒருவன் பைக்கில் வந்து, எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு போனில் எல்லோரையும் படம் எடுத்தான். ஆலை ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா தெருவைக் கடந்து அவனிடம் போனார்.

"வெயிலு எதுத்தாப்புல அடிக்கி. மூஞ்சி கறுப்பா விழும். இந்தப் பக்கம் வந்து எடு. எல்லார் பேரும் என்கிட்ட இருக்கு, வேணுமா?"

அவன் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். நிழலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முகத்தைத் திருப்பியவர்களும் சிரித்தார்கள்.

அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். நாற்பத்து மூன்று கண்ணாடிகள். அவற்றில் இருபத்தொன்பதில் அதே ஆகஸ்ட், அதே அடைமழை. சவேரியினுடையதில் இஞ்ஞாசியினுடையதைவிட அதிகம். அவரிடம் நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி," என்றார். பிறகு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பெயர் எழுத உதவி செய்தார். கொல்லத்திலிருந்தும் கல்பாக்கம் பக்கத்திலிருந்தும் யார் யாரோ போன் செய்து, எங்கள் ஊர் நகைக்கடை மிஷினிலும் இது வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன்.

நாலாவது ஞாயிறு வரிசையில் பதினேழாவது ஆளாகத் தெய்வசிகாமணி நின்றுகொண்டிருந்தார்.

சாயம் போன சட்டை, ரப்பர் செருப்பு. கையில் ஒரு சின்ன டப்பா. அவரைப் பார்த்ததும் சவேரி எழுந்து கையை ஓங்கிக்கொண்டு போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வரிசையில நின்னா வரிசைதான் அண்ணே. அவரு மொற வரட்டும்."

ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஒருவரும் அவரோடு பேசவில்லை, தண்ணீர் தரவில்லை. முறை வந்ததும் டப்பாவைத் திறந்தார். உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு குட்டிக் கண்ணாடி.

"மகளோடது. மகிழ்மதி. நாலாம் வகுப்பு," என்றார். "ஆலைக் குடியிருப்புப் பள்ளிக்கூடம். போன ஜூன்ல வாங்கினது."

அக்கா பெயரை எழுதினார். கட்டடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் என்று எழுதினார்.

பாய் கண்ணாடியை மிஷினுக்குக் கீழே வைத்தார். இருபது நிமிடம். தெய்வசிகாமணி சுவரில் சாய்ந்து நின்றார். வரைபடம் எழுந்தபோது பாய் திரையை என் பக்கம் திருப்பினார்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்: தூறல். அக்டோபர் இரண்டாம் வாரத்திலிருந்து கொட்டியிருந்தது. இன்னும் நிற்கவில்லை.

"அக்டோபர்ல என்ன நடந்தது சார்?" என்று கேட்டேன்.

அவர் வாய் கோணியது. "நாலாம் கட்டடத்தை இடிச்சாங்க. புது யூனிட்டுக்கு இடம் வேணும்னு."

"அது 2039-லயே சுத்தம் பண்ணி மூடியாச்சுன்னு ஆலைப் பதிவுல..."

"நான்தான் கையெழுத்துப் போட்டேன். மூடினது நிஜம். சுத்தம் பண்ணலை. உள்ளே இருந்தது உள்ளேயேதான் இருந்துச்சு. பள்ளிக்கூடம் நானூறு மீட்டர்."

"உங்களுக்குத் தெரியுமா இப்படி ஆகும்னு?"

"தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினார். "சாவியை நான்தான்ம்மா கொடுத்தேன். அவர் முதல்ல வாங்க மாட்டேன்னுதான் சொன்னார். உங்க மனுவுக்கு எழுதித் தர்றேன். எந்தச் சபையிலயும் வந்து சொல்றேன்."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். அந்த வார்த்தைக்காகத்தான் ஒரு வருடம் அலைந்திருந்தார். பேனாவை நோட்டின்மேல் வைத்துவிட்டார்.

"எழுதித்தான் ஆகணும். எழுதுவிய. ஆனா அது நாளைக்கு," என்றார். "அந்தப் பள்ளிக்கூடத்துல மொத்தம் எத்தன பிள்ளைய?"

"இருநூத்தி அறுபது. கண்ணாடி போடுறது முப்பத்தொண்ணு. எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"நாளைக்குக் காலையில ஒரு பிள்ளையும் அங்க கால வைக்கக் கூடாது."

"ஆமா."

"முப்பத்தொண்ணையும் இங்க கூட்டிட்டு வரணும். தாயி தகப்பனோட."

"நாளைக்குத் திங்கக்கிழமை. கடை..." என்று பாயைப் பார்த்தார்.

"நாளைக்கும் லீவுதான்," என்றார் பாய்.

"அத்தனை பேரை எப்படிக் கூட்டிட்டு வர்றது? வேன் எதுவும் கிடைக்காதே, நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா..." என்றார் தெய்வசிகாமணி.

"ஆலை பஸ்ஸு எதுக்கு இருக்கு?" என்றார் அக்கா. "ரெண்டு பஸ்ஸு நிக்குல்லா செட்டுல. அதுலயே ஏத்திட்டு வாங்க. முன்னால போர்டக் கழட்டாம வாங்க. நாகர்கோவிலு முழுக்கப் பாக்கட்டும்."

தெய்வசிகாமணி போனை எடுத்தார். முதலில் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார். அடுத்ததாக பஸ் டிரைவரை.